நீலத்துக்கு ஒரு ஸ்தோத்திரக் காணிக்கை

இஞ்சிவிளை, பாறசாலை
14 ஜனவரி 2024

அன்பு மகள் அஜிஷாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே நான் சுகம். முட்டுவலி மட்டும் வாடகை தராத குடித்தனக்காரியைப்போல என்னோடு இருக்கிறது. அங்கே உன் சுகத்துக்காகக் காலையும் மாலையும் ஜெபிக்கிறேன்.

இந்தக் காலத்தில் யாராவது கடிதம் எழுதுவார்களா என்று போனில் சிரித்தாய். சிரித்தது தெரிந்தது, சொன்னதில் பாதி கேட்கவில்லை. நெய்யாற்றின்கரை பஸ் டிப்போவில் சர்வீஸ் முழுக்க இன்ஜின் பக்கத்தில் நின்று டிக்கெட் கொடுத்த காது இது. காதில் மிஷின் வைத்தும் போனில் உன் குரல் தகரக் கூரையில் மழை பெய்வதுபோலத்தான் வருகிறது. நான் கத்த, நீ கத்த, பக்கத்து வீட்டுப் பிரேமகுமாரி ஓடி வந்து என்ன சண்டை என்று கேட்கிறாள். கடிதம் என்றால் நிதானமாக இரண்டு தரம் வாசிக்கலாம். அதனால் இனி முக்கியமானதை எல்லாம் எழுது.

எனக்கு ஒரு காரியம் தெரிய வேண்டும். நீ அங்கே ஜெர்மனியில் என்ன செய்கிறாய்? சபைச் செயலாளர் ரெத்தினதாஸ் அண்ணனின் மகன் எபின் கனடாவில் இருக்கிறான். அவன் கார் வாங்கினால் ஒரு ஸ்தோத்திரக் காணிக்கை, வீடு மாறினால் ஒரு காணிக்கை. கவரின்மேல் காரணத்தை எழுதிக் கொடுத்து, அதைத் தானே சபை முன்னால் வாசித்து, வாசித்து முடித்ததும் என் பக்கம் ஒரு பார்வை. உன்னைப் பற்றிக் கேட்டால் நான் "நீல வெளிச்சத்தில் ஆராய்ச்சி" என்கிறேன். "நீலத்துல என்ன ஆராய்ச்சி? நம்ம கடையில பாக்கெட்டில கிடைக்கும்" என்று போன ஞாயிறு சொல்லிவிட்டார். பெண்கள் பக்கம் முழுவதும் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, அதுதான் எரிச்சல்.

ஆகையால் விளக்கமாக எழுது. என் தலைக்கு ஏறுகிற மாதிரி எழுது.

ஆசீர்வாதத்துடன்,
அம்மா கிருபாபாய்


டிரெஸ்டன்
4 பிப்ரவரி 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். முட்டுக்குத் தைலம் தேய்ப்பதோடு, டாக்டர் சொன்ன பயிற்சியும் செய்கிறீர்களா? இல்லை என்று இங்கிருந்தே தெரிகிறது.

விளக்கம் கேட்டீர்கள். உங்கள் போன் திரையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் படம் தெரியாது, புள்ளிகள்தான் தெரியும். சிவப்பு, பச்சை, நீலம். இந்த மூன்றையும் கூட்டியும் குறைத்தும்தான் எல்லா நிறமும் வருகிறது. நல்ல திரைகளில் ஒவ்வொரு புள்ளியும் மின்சாரம் பாய்ந்தால் தானே ஒளிரும் ஒரு பொருள். மெல்லிய படலமாகப் பூசிய மூலக்கூறுகள்.

இதில் சிவப்பும் பச்சையும் சமர்த்துப் பிள்ளைகள். கொடுக்கிற மின்சாரத்தை ஏறக்குறைய முழுவதும் வெளிச்சமாகத் திருப்பித் தரும், நீண்ட நாள் உழைக்கும். நீலம்தான் தகராறு. நீல ஒளிக்கு ஆற்றல் அதிகம் வேண்டும். அந்த ஆற்றலே அந்த மூலக்கூறின் கட்டுகளை அறுத்துவிடும். தன் வேலையாலேயே தான் சாகிற பொருள் அது. இப்போது கடைக்கு வரும் திரைகளில் உள்ள நீலம் கொஞ்சம் நாள் உழைக்கும், ஆனால் மின்சாரத்தில் பெரும்பங்கைச் சூடாக வீணாக்கும். வீணாக்காத நீலமும் உண்டு. அது சீக்கிரம் மங்கிவிடும். இரண்டு குணமும் ஒன்றாக உள்ள நீலம் வேண்டும். அதற்காக உலகம் முழுக்க ஆட்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதில் ஒரு மண்டை என்னுடையது.

நான் செய்வது சமையல்தான். மூலக்கூறில் ஒரு பக்கத்தை மாற்றுவேன், சாதாரண ஹைட்ரஜனை எடுத்துவிட்டு அதன் கனமான வகையை வைப்பேன், விளக்காகச் செய்து எரியவிடுவேன், எப்போது மங்குகிறது என்று காத்திருப்பேன். என் ஒப்பந்தம் இந்த டிசம்பர் வரை. அதற்குள் நல்லதொரு நீலம் கிடைத்தால் நீட்டிப்பார்கள். இல்லையென்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

ரெத்தினதாஸ் மாமாவிடம் சொல்லுங்கள், பாக்கெட் நீலம் வேட்டிக்கு நல்லது.

அன்புடன்,
அஜிஷா


இஞ்சிவிளை
1 மார்ச் 2024

அன்பு மகளுக்கு,

தேவன் உன்னைக் காப்பாராக. இங்கே சுகம், வெயில்தான் கொல்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிட வேண்டும்.

உன் கடிதத்தைப் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் வாசித்தேன். "தன் வேலையாலேயே தான் சாகிற பொருள்" என்ற இடத்தில் எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். ஒருத்தி அதைத் தன் மாமியாரிடம் சொல்லப்போவதாகச் சொன்னாள். அன்றைக்கே அந்த நீலத்தை வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தின் ஜெபக் குறிப்பில் சேர்த்துவிட்டோம். ஒரு கிட்னி கல், ஒரு விசா, ஒரு குடிகார மருமகன், அதற்குப் பிறகு அஜிஷாவின் நீலம். ஜெபிக்கிறவர்கள் முழங்காலில் நின்று, "கர்த்தாவே, அந்த நீலம் மங்காமல் நிற்கட்டும்" என்கிறார்கள். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு ஜெபத்தை நம் சபை கேட்டிருக்காது.

பிரேமகுமாரிக்குப் பொறுக்கவில்லை. "உங்க கோயிலில மட்டும் வேண்டினா மதியா, போதுமா? நானும் நெய்விளக்கு வைக்கப் போறேன்" என்று போய் வைத்துவிட்டு வந்தாள். ஆக, நீலத்துக்கு இரண்டு பக்கமும் ஆள் உண்டு.

ரெத்தினதாஸ் அண்ணன் இப்போது சிரிப்பதில்லை. "நீலம் என்ன ஆச்சு?" என்று ஒவ்வொரு ஞாயிறும் கேட்கிறார். உண்மையாகவே கேட்கிறாரா, குத்துகிறாரா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நான் "நடக்குது" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நல்ல செய்தி வந்தால் முதலில் எனக்கு எழுது.

அம்மா


டிரெஸ்டன்
12 ஏப்ரல் 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம், நலமே. நின்றபடியே எழுதுவதால் எழுத்து கோணல், மன்னியுங்கள்.

வந்துவிட்டது அம்மா.

குளிர்காலத்தில் செய்த மூலக்கூறு ஒன்று. அதை விளக்காக்கி, மூடிய பெட்டிக்குள் எரியவிட்டு, ஒளியை அளக்கும் கருவியை எதிரே வைத்திருந்தோம். மற்ற நீலங்கள் மங்கிப்போன காலத்தைத் தாண்டியும் இது அப்படியே நிற்கிறது. இரண்டு மடங்கு மூன்று மடங்கு என்றால்கூட நாங்கள் குதிப்போம். இது அதற்கும் மேலே போய்க்கொண்டிருக்கிறது. மின்சாரத்தையும் வீணாக்கவில்லை. எங்கள் பேராசிரியர் வரைபடக் கோட்டை மூன்று தரம் அழித்து வரையச் சொன்னார். பிறகு என் தோளில் தட்டினார். அவர் தோளில் தட்டி இங்கே யாரும் பார்த்ததில்லையாம்.

கட்டுரை எழுத ஆரம்பித்துவிட்டோம். ஒப்பந்தத்தை மூன்று வருஷம் நீட்டுவதாகவும் பேச்சு. எங்களோடு சேர்ந்து இதற்குப் பணம் போடும் கம்பெனிக்காரர்கள் இப்போதே வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஒன்று மட்டும். கட்டுரை வரும்வரை வெளியே சொல்லக்கூடாது. உங்களிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. உங்களுக்குள் இருக்கட்டும்.

அப்பா இருந்திருந்தால் இன்றைக்கு என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

உங்கள் அஜிஷா


இஞ்சிவிளை
6 மே 2024

என் தங்க மகளுக்கு,

ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம். எனக்கு ஒரு சுகக்கேடும் இல்லை. முட்டு வலிக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சொல்லாதே என்று எழுதியிருந்தாய். மூன்று நாள் சொல்லவில்லை. உன் அம்மாவைப் பொறுத்தவரை அது பெரிய சாதனை என்று உனக்கே தெரியும். அதற்குப் பிறகு நினைத்துப் பார்த்தேன். மனுஷரிடம்தானே சொல்லக்கூடாது? தேவனுக்கு நன்றி சொல்வதை யார் தடுக்க முடியும்? கவரை எடுத்து, காரணம் எழுதுகிற இடத்தில், "மகள் அஜிஷாவின் நீலம் மங்காமல் நின்றதற்காக" என்று எழுதி, நேற்று ஆராதனையில் கொடுத்துவிட்டேன்.

ரெத்தினதாஸ் அண்ணன் கவரை வாங்கிக் கண்ணாடியை மேலே ஏற்றினார், கீழே இறக்கினார். பிறகு எழுந்து நின்று, கணீரென்று, "நம் சபையின் மகள் அஜிஷா ஜெர்மனி தேசத்தில் மங்காத நீல ஒளியைக் கண்டுபிடித்ததற்காக" என்று வாசித்தார். நான் எழுதியதைவிடக் கொஞ்சம் பெரிதாக்கிவிட்டார், நான் திருத்தவில்லை. பெண்கள் பக்கம் மட்டுமில்லை, ஆண்கள் பக்கமும் திரும்பிப் பார்த்தது. அண்ணன் பார்த்த பார்வையில் குத்தல் இல்லை. எபினின் காருக்கெல்லாம் நான் கொடுக்க வேண்டியிருந்த மரியாதையை அவர் ஒரே பார்வையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இதோடு நின்றிருக்கும். வாலிபர் ஐக்கியத்தின் பினு, அந்த மொபைல் கடைக்காரப் பையன், சாயங்காலத்துக்குள் ஃப்ளெக்ஸ் அடித்துவிட்டான். ஜங்ஷனில், பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே. நீ பட்டம் வாங்கிய படம், சுற்றிலும் ரோஜா, கீழே "உலகுக்கே நீல ஒளி தந்த எங்கள் அஜிஷா" என்று தமிழிலும் மலையாளத்திலும். சாமான் ஒன்றும் வேண்டாமலே இன்றைக்கு இரண்டு தரம் ஜங்ஷனுக்குப் போய் வந்தேன். நெய்யாற்றின்கரை வண்டியில் என்னோடு வேலை பார்த்த டிரைவர் வண்டியை நிறுத்தி, "கிருபா, இது உனக்க மகளா?" என்று கேட்டார். "எனக்க மகளாக்கும்" என்றேன். வண்டியில் இருந்த எல்லாருக்கும் கேட்டிருக்கும்.

கோபப்படாதே. இத்தனை வருஷம் மற்றவர்களின் சந்தோஷத்துக்கு ஆமென் சொன்னேன். ஒரு தரம் எனக்கும் சொல்லட்டுமே.

பெருமையுடன்,
அம்மா


டிரெஸ்டன்
20 ஜூன் 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். தாமதத்துக்கு மன்னியுங்கள், வேலை.

இங்கே இப்போது இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது. எங்கள் தெரு மரங்கள் பூத்து, தேன்போல ஏதோ சொட்டி, நடைபாதை எல்லாம் ஒட்டுகிறது. காலைத் தூக்கினால் செருப்பு தரையிலேயே ஒட்டி நிற்கிறது. உங்களுக்குப் பிடித்திருக்கும்.

கோபம் இல்லை அம்மா. ஃப்ளெக்ஸ் மட்டும் மழையில் கெட்டுப்போகும் முன்னால் எடுத்துவிடச் சொல்லுங்கள். பினுவுக்கு என் நன்றி.

சும்மா ஒன்று கேட்கிறேன். நீங்கள் வேலை பார்த்தபோது, வண்டி நிறைய ஆள், சரியான நேரத்தில் கிளம்பி நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் முன்னால் மாட்டியிருக்கும் போர்டு தப்பு என்று உங்களுக்கு மட்டும் தெரிந்தால் என்ன செய்வீர்கள்?

கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். அச்சுக்குப் போகிறது.

அஜிஷா


இஞ்சிவிளை
10 ஜூலை 2024

அன்பு மகளுக்கு,

தேவன் உனக்குப் பெலன் தருவாராக. இங்கே நல்ல மழை. நான் சுகம்.

உன் கடிதம் இந்தத் தரம் ஒரு பக்கம்கூட இல்லை. மரம் பூத்ததையும் செருப்பு ஒட்டினதையும் எழுதியவள், கட்டுரை ஏற்றுக்கொண்ட செய்தியைக் கடைசியில் ஒரு வரியில் எழுதுகிறாய். சாப்பிடுகிறாயா? தூங்குகிறாயா? யாரிடமாவது சண்டையா? மறைக்கிறவளைக் கண்டுபிடிப்பதில் எனக்குப் பழக்கம் உண்டு. டிக்கெட் எடுக்காதவர்கள் எல்லாரும் ஜன்னலுக்கு வெளியே மரத்தைத்தான் பார்ப்பார்கள்.

போர்டைப் பற்றிக் கேட்டாய். இது என்ன கேள்வி? ஒற்றை பெல். ஒற்றை பெல் அடித்தால் டிரைவர் நிறுத்தித்தான் ஆக வேண்டும், டபுள் பெல் அடித்தால்தான் திரும்பக் கிளப்புவார். ஒரு தரம் திருப்புறம் வழி பூவார் என்று போர்டு மாட்டி, பெருங்கடவிளைக்குப் போக வேண்டிய வண்டியைக் கிளப்பிவிட்டோம். டிக்கெட் கொடுக்கும்போதுதான் கண்டேன். அடித்தேன். பாதிப் பேர் இறங்க வேண்டி வந்தது. அவர்கள் பேசின பேச்சை எழுத முடியாது. டிரைவரும் இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. ஆனால் அடிக்காமல் எப்படி இருப்பது? பூவாருக்கு என்று ஏறினவளைப் பெருங்கடவிளையில் கொண்டு இறக்க முடியுமா?

ஃப்ளெக்ஸைப் பற்றிக் கவலைப்படாதே. பினு கம்பி போட்டுக் கட்டியிருக்கிறான், எந்த மழைக்கும் அசையாது.

உடனே பதில் எழுது. மரத்தைப் பற்றி வேண்டாம்.

அம்மா


டிரெஸ்டன்
28 ஜூலை 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. நான் அதற்கு முந்தின வாரமே ஒற்றை பெல் அடித்துவிட்டேன்.

என் நீலம் நீலம் இல்லை அம்மா.

மே கடைசியில் பெட்டியைத் திறந்து, வெகுநாள் எரிந்த விளக்கை வெளியே எடுத்தேன். பக்கத்தில் அதே மூலக்கூறில் செய்த புது விளக்கை வைத்து இரண்டையும் எரியவிட்டேன். புதியது நீலம். பழையது பூவார் பொழிமுகத்தில் கடல் தண்ணீரும் ஆற்றுத் தண்ணீரும் கலக்கிற இடத்தின் நிறம். முதலில் என் கண் களைத்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு நிறத்தைப் பிரித்து அளந்தேன். நீலம் மற்றவற்றைப்போலவே செத்துக்கொண்டுதான் இருந்தது. சிதைந்த துண்டுகள் பச்சையாக ஒளிர ஆரம்பித்திருந்தன. எதிரே வைத்த கருவி பிரகாசத்தை மட்டும் அளக்கும், நிறத்தைப் பார்க்காது. மனிதக் கண்ணைப்போலவே அதற்கும் பச்சை பெரிதாகத் தெரியும். நீலம் குறைந்த அளவுக்குப் பச்சை ஏறி ஏறி நிரப்பிவிட்டது. அதனால் கோடு இறங்கவே இல்லை. நிறத்தை ஆரம்பத்தில் ஒரு தரம் மட்டும் அளந்துவிட்டு, நடுவில் அளக்காமல் விட்டது நான்தான்.

யாருக்கும் தெரியாது. பிரகாசம் குறையவில்லை என்று எழுதியது பொய்யும் இல்லை. நீலம் என்று எழுதியதுதான் பொய். ஒரு மாதத்துக்கு மேல் அதைச் சுமந்துகொண்டு திரிந்தேன். சொன்னால் கட்டுரை போகும், மூன்று வருஷம் போகும். அதையெல்லாம்கூடத் தாங்கலாம். நீங்கள் ஜங்ஷனில் நின்று "எனக்க மகளாக்கும்" என்று சொன்னதை நினைத்தபோதுதான் சொல்ல மனம் வரவில்லை.

வியாழக்கிழமைக் கூட்டத்தில், கம்பெனிக்காரர்களும் இருக்கும்போது, எழுந்து நின்று இரண்டு விளக்கையும் மேசைமேல் வைத்து எரியவிட்டேன். அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. பேராசிரியர் குனிந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "இதை வேறு யார் பார்த்தது?" என்று கேட்டார். நான் மட்டும் என்றேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம்.

ஃப்ளெக்ஸை எடுக்கச் சொல்லுங்கள் அம்மா. சபையில் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. உங்களை எல்லார் முன்னாலும் தலைகுனிய வைத்துவிட்டேன்.

அஜிஷா


டிரெஸ்டன்
22 செப்டம்பர் 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நலமாக இருக்கிறீர்களா? என் ஜூலைக் கடிதம் கிடைத்ததா? பிரேமகுமாரி அக்காவுக்குப் போன் செய்தேன். உங்களுக்குச் சுகக்கேடு ஒன்றும் இல்லை என்றும், கடிதம் வந்தது என்றும் சொன்னார்கள்.

ஒப்பந்தம் டிசம்பரோடு முடிகிறது. நீட்டிப்பது பற்றி யாரும் பேசவில்லை. அதுவரை, இந்த ஆய்வுக்கூடத்தில் இதுவரை அளந்த எல்லா நீலங்களையும் நிறத்தோடு சேர்த்துத் திரும்ப அளக்கும் வேலையைத் தந்திருக்கிறார்கள். தண்டனையா, நம்பிக்கையா என்று தெரியவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை.

வேறொன்றும் இல்லை. ஒரு வரி போதும் அம்மா.

அஜிஷா


இஞ்சிவிளை
14 அக்டோபர் 2024

என் மகள் அஜிஷாவுக்கு,

தேவனுடைய சமாதானம் உன்னோடு இருப்பதாக. நான் சுகம். உன் செப்டம்பர் கடிதம் போன புதன்கிழமை வந்தது. ஜூலைக் கடிதம் ஆகஸ்டிலேயே வந்துவிட்டது. பதில் எழுதாதது நான்தான்.

எனக்குக் கோபம் வந்தது, அஜிஷா மக்களே. பொய் சொல்வானேன்? உன்மேல் கோபம், ஏன் பெட்டியைத் திறந்து பார்த்தாய் என்று. அதற்குப் பிறகு வெட்கம். ஜங்ஷனுக்குப் போகாமல் சுற்று வழியாக நடந்து, மழையில் முட்டு வீங்கினதுதான் மிச்சம். உபவாச ஜெபத்தில் "அஜிஷாவின் நீலத்துக்காக நன்றி" என்று யாராவது ஆரம்பித்தால் கண்ணை மூடிக்கொண்டு ஆமென் சொன்னேன்.

கடைசியில் பிரேமகுமாரியிடம் சொல்லி அழுதேன். உன் கடிதத்தை வாசித்தும் காட்டினேன். அவள் கேட்டுவிட்டு, "நான் நெய்விளக்கு வச்சது பிள்ளைக்காக்கும், பல்புக்கு இல்ல. பிள்ளைக்கு என்ன கெட்டுப்போச்சு?" என்றாள். அவள் போனபிறகு உன் கடிதத்தை இன்னொரு தரம் வாசித்தேன். முதல் தரம் வாசிக்கும்போது என் மானம் போனது மட்டும்தான் கண்ணில் பட்டது. இந்தத் தரம் என் பிள்ளை மேசைமேல் இரண்டு விளக்கை வைத்துவிட்டு, அத்தனை பெரிய ஆட்கள் முன்னால் தனியாக நிற்பது தெரிந்தது.

போன ஆறாம் தேதி ஞாயிறு ஒரு கவர் எடுத்தேன். "மகள் அஜிஷா, தன் அளவு தவறு என்று யாரும் கேட்காமலே எழுந்து நின்று சொன்னதற்காக" என்று எழுதிக் கொடுத்தேன். ரெத்தினதாஸ் அண்ணன் வாசித்துப் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"கிருபா, இதை வாசிச்சா ஆளுகள் என்ன நினைக்கும்? 'பல நன்மைகளுக்காக'ண்ணு வாசிச்சு விடட்டா?"

"எழுதியிருக்கதை எழுதியிருக்கபடி வாசிச்சா மதி, அண்ணா. போன தரம் கூட்டினியளே, இந்தத் தரம் குறைக்கவும் வேண்டாம்."

வாசித்தார். மெதுவாகத்தான் வாசித்தார். கோயிலில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. எனக்குக் கேட்டது என்றால் எவ்வளவு அமைதி என்று பார்த்துக்கொள். நான் தலையைக் குனியவில்லை. நீ எழுந்து நின்றாய் அல்லவா, நானும் பெஞ்சில் இருந்து எழுந்து நின்றேன். முட்டு வலித்தது, நின்றேன். மே மாதத்தில் வந்த பெருமை நாலு பேர் பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தது. இந்தப் பெருமைக்கு யாரும் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

இன்னும் இருக்கிறது. நேற்று ஞாயிறு, ரெத்தினதாஸ் அண்ணன் எல்லாக் காணிக்கையும் வாசித்து முடித்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து தன்னுடைய கவரை எடுத்தார். "என் மகன் எபின், வேலை போய் மாதங்கள் ஆனதை எங்களிடம் இனியும் மறைக்காமல் இப்போது சொன்னதற்காக" என்று வாசித்தார். சத்தம் பாதியில் உடைந்தது. எத்தனை வருஷமாக அவர் ஒரு நாளாவது இறங்க வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். நேற்று அதில் எனக்கு ஒரு துளி சந்தோஷம் வரவில்லை. ஆராதனை முடிந்ததும் போய் அவர் பக்கத்தில் நின்றேன். "உனக்க மகளுக்க கடிதத்தை அவனுக்குப் போனில வாசிச்சுக் காட்டினேன், கிருபா" என்றார். பிரேமகுமாரி இரவல் வாங்கிப்போனதை, என்னிடம் கேட்காமல் அவளிடமிருந்து வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். போகட்டும்.

பிறகு ஜங்ஷனுக்கு, நேர் வழியாகவே, நடந்தேன். ஃப்ளெக்ஸ் அங்கேதான் இருக்கிறது. மழையும் வெயிலும் தின்று ரோஜாவெல்லாம் வெளிறிப்போயிற்று. சிவப்பும் மஞ்சளும் முதலில் போய்விடுமாம், நீலம்தான் கடைசி வரை நிற்குமாம், பினு சொன்னான். உன் முகம், கோட்டு, எழுத்து எல்லாம் இப்போது நீலம். அங்கே உன் திரையில் முதலில் சாகிறது, இங்கே எங்கள் வெயிலில் எல்லாவற்றுக்கும் பிறகும் இருக்கிறது. "மாமி, அவுத்து எடுக்கட்டா?" என்று கேட்டான். "கிடக்கட்டு" என்றேன். "உலகுக்கே நீல ஒளி தந்த" என்ற வரியை மட்டும் பெயின்ட் அடித்து மறைக்கச் சொன்னேன். இப்போது "எங்கள் அஜிஷா" மட்டும் இருக்கிறது. அது எப்போதும் சரிதானே.

ஒப்பந்தம் போனால் போகட்டும். மூட்டையைக் கட்டிக்கொண்டு வா. இஞ்சிவிளையில் இறங்கு. நான் ஜங்ஷனில் நிற்பேன்.

உன் அம்மாவாயிருப்பதில் பெருமையுடன்,
கிருபாபாய்


டிரெஸ்டன்
17 நவம்பர் 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். இப்போது உண்மையாகவே நலம். உங்கள் கடிதத்தைக் கூடத்தில் வைத்து வாசித்துவிட்டு, வெளியே போய்க் குளிரில் நின்று அழுதுவிட்டு வந்தேன். முட்டுக்குப் பயிற்சி செய்யுங்கள்.

திரும்ப அளந்ததில் என்னுடையது மட்டுமில்லாமல் இன்னும் சில நீலங்களும் பச்சையாகிப்போயின. பேராசிரியருடைய பழையது ஒன்றும் அதில் உண்டு. அவர் அதைத் தன் கையாலேயே இன்னொரு தரம் அளந்தார். பிறகு என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மீதி அளவுகளை என்னோடு சேர்ந்து செய்தார்.

போன வருஷம் நான் செய்து, ஆயுள் போதாது என்று ஒதுக்கிவைத்த ஒரு மூலக்கூறு இருந்தது. பச்சையை எல்லாம் கழித்துப் பார்த்தால் அதைவிட நீடிப்பது இங்கே வேறெதுவும் இல்லை. ஏப்ரலில் உங்களுக்கு எழுதினேனே, அந்தக் கோட்டின் உயரம் இதற்கு இல்லை. ஆனால் மங்கும்போதும் நீலமாகவே மங்குகிறது. வேறொரு ஆய்வுக்கூடத்துக்கும் அனுப்பினோம். அவர்களும் நிறத்தைப் பிரித்து அளந்து அதையே சொன்னார்கள். ஒப்பந்தத்தை ஒரு வருஷம் நீட்டியிருக்கிறார்கள். மூன்று இல்லை, ஒன்று. கிறிஸ்துமஸுக்கு வருகிறேன், ஜங்ஷனில் நில்லுங்கள்.

ஒரு சின்ன நீலம்தான் அம்மா. பழைய விளக்கையும் புது விளக்கையும் பக்கத்தில் வைத்து என் கண்ணாலேயே பார்த்துவிட்டேன். இந்தத் தரம் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம்.

டபுள் பெல்.

உங்கள் அஜிஷா